ரப்பருக்குள் சிக்கிய சூடு: இழுபடும் மின்னணுக் கருவிக்கு வடிகால் வெட்டுவது எப்படி?

மழைக்குப் பயந்து அவசரமாக அறுத்த குறுவை நெல்லைக் களத்தில் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, இரண்டு நாள் கழித்து அந்த அம்பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். உள்ளே போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே போகும், கையை வெளியே இழுத்தால் விரலில் ஒரு புளித்த வாடை ஒட்டியிருக்கும். யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஈர நெல் மூச்சு விடுகிறது, பூஞ்சையும் கூடச் சேர்ந்துகொள்கிறது, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை வெளிவிடுகின்றன. ஒரு நெல்மணி விடும் வெப்பம் ஒன்றுமே இல்லை. ஆனால் மணிகளுக்கு இடையே காற்று அடைபட்டுக் கிடக்கிறது, அடைபட்ட காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது, அதனால் உள்ளே பிறந்தது உள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது.

தோலில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் நீளும் மின்னணுப் பட்டைகளுக்கும் இதே பிரச்சினைதான். பிறக்கும் வெப்பம் கொஞ்சம், வெளியேற வழி அதைவிடக் கொஞ்சம். பாலிடெக்னிக்கில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் எப்போதும் நெல் அம்பாரத்தில்தான் தொடங்குவேன். டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதலில் இந்தக் கருவி என்ன என்று பார்த்துவிடுவோம். நம் செல்போனில் இருக்கும் சிலிக்கன் சில்லு கண்ணாடி மாதிரி, வளைத்தால் உடையும். நம் தோலோ முழங்கையை மடக்கினால் நீள்கிறது, நிமிர்த்தினால் சுருங்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக ஒட்ட வேண்டுமானால் மின்சுற்றும் தோலைப் போலவே இழுபட வேண்டும். 2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு, தோலில் பச்சை குத்தியது போல ஒட்டிக்கொள்ளும் மின்சுற்றைச் செய்து காட்டியது. அதன் தந்திரம் எளிமையானது. சிலிக்கனை மிக மெல்லியதாகச் செதுக்கிச் சின்னச் சின்னத் தீவுகளாக வைப்பது, தீவுகளுக்கு இடையே ஓடும் உலோகக் கம்பியை நேராகப் போடாமல் பாம்பு போல நெளித்துப் போடுவது, எல்லாவற்றையும் ஒரு மெல்லிய ரப்பர் படலத்தில் பொதிந்துவிடுவது. இழுக்கும்போது உலோகம் நீளவில்லை, அதன் நெளிவு நிமிர்கிறது, அவ்வளவுதான். பழைய தொலைபேசியின் சுருள் ஒயர் நினைவிருந்தால் இது புரியும்.

ரப்பர் என்று சொன்னேன், பெரும்பாலும் அது சிலிகோன் ரப்பர். சிலிக்கன் வேறு, சிலிகோன் வேறு. முன்னது சில்லு, பின்னது இட்லி அச்சுகூட வருகிறதே, அந்த வழவழப்பான ரப்பர். தேர்வுத்தாளில் இதைக் குழப்பாத பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிக்கல் இந்தச் சிலிகோனில்தான் இருக்கிறது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு சுலபமாகக் கடத்தும் என்பதற்கு ஓர் எண் உண்டு, கடத்துதிறன் என்று பெயர். செம்புக்கு அது சுமார் 400, சிலிக்கனுக்கு 150 பக்கம், பித்தளைக்கு 110க்கு மேல், தண்ணீருக்கு 0.6. சிலிகோன் ரப்பருக்கு வெறும் 0.2. அசையாத காற்றுக்கு 0.026. கும்பகோணத்தில் பித்தளை டம்ளரில் காபி வாங்கினால் விளிம்பைத்தானே பிடிக்கிறோம்? அதே காபியை ரப்பர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் அடியிலேயே பிடித்துக்கொண்டு குடிக்கலாம். சாதாரண மின்சுற்றில் சில்லின் சூட்டைப் பலகையில் உள்ள செம்பும் மேலே திருகிய அலுமினியத் தகடும் இழுத்துக்கொண்டு போய்விடும். இழுபடும் கருவியில் அந்தச் செம்பின் இடத்தில், அதைவிட 2000 மடங்கு மோசமாகக் கடத்தும் ரப்பர் உட்கார்ந்திருக்கிறது.

இது வேறு ரப்பர் வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயம் இல்லை. ரப்பர் ஏன் நீள்கிறது? அதன் மூலக்கூறுகள் நீளநீளமான சங்கிலிகள், கோழி கிளறிய நூல்கண்டு மாதிரி கண்டபடி சுருண்டு கிடக்கின்றன, இழுத்தால் நிமிர்கின்றன. திடப்பொருளில் வெப்பம் என்பது அணுக்களின் அதிர்வு, மின் கடத்தாத பொருளில் அந்த அதிர்வு ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போனால்தான் வெப்பம் போகும். ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும் படிகத்தில் அது வரிசையாகக் கைமாறும். சிக்கலான நூல்கண்டில் ஒவ்வொரு வளைவிலும் சிதறிப்போகும். ஆக, எந்தத் தளர்வு ரப்பரை நீளவிடுகிறதோ அதே தளர்வுதான் வெப்பத்தையும் தடுக்கிறது. இந்தத் துறையில் நடக்கும் வேலை எல்லாமே இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான்.

சரி, வெப்பம் எங்கிருந்து வருகிறது? சில்லு வேலை செய்யும்போது, நாடி பார்க்கும் எல்.இ.டி. எரியும்போது, வானொலி அலையில் தகவல் அனுப்பும்போது, கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும்போது. இது போகக் கம்பியிலேயே ஒரு பங்கு பிறக்கிறது. மின்னோட்டம் ஓடும் கம்பியில் வெப்பம் அதன் மின்தடையைப் பொறுத்தது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். நெளிகம்பிக்குப் பதிலாக, தானே நீளும் கடத்தியைப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் நீளம் இரண்டு மடங்கு, மொத்தக் கனஅளவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் குறுக்குப் பரப்பு பாதி, எனவே மின்தடை நான்கு மடங்கு. அதே மின்னோட்டத்தை ஓட்டினால் அந்தக் கம்பியில் வெப்பமும் நான்கு மடங்கு. ஆள் கையை மடக்கினாலே சூடு கூடும் கருவியாகிவிடும். நெளிகம்பியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, எனக்கு அது பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம், பென்சிலும் பேப்பரும் போதும். தோலில் வெகுநேரம் ஒட்டியிருக்கும் பொருளின் சூடு எவ்வளவு வரை போகலாம்? 44 டிகிரியில் சுமார் ஆறு மணி நேரம் தொடர்ந்து இருந்தாலே தோல் புண்ணாகும் என்று 1940களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கொதிக்க வேண்டாம், சுட வேண்டாம், வெறும் 44. அதனால் மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரவிதியில், 10 நிமிடத்துக்கு மேல் உடம்பைத் தொட்டிருக்கும் பாகத்துக்குப் பொதுவாக 43 டிகிரியை எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

பட்டையின் அளவு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைப்போம், தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறியது. காற்று அசையாத அறையில் அந்தப் பரப்பு சுற்றுப்புறத்துக்கு விடும் வெப்பம், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கிட்டத்தட்ட 10 மில்லிவாட். ஏசி போட்ட 24 டிகிரி ஆய்வுக்கூடத்தில் எல்லை வரை 19 டிகிரி இடைவெளி இருக்கிறது, 190 மில்லிவாட் வரை தாங்கும். அதே பட்டையை மே மாதம் தஞ்சாவூரில் 38 டிகிரியில் ஒட்டுங்கள். இடைவெளி 5 டிகிரி. தாங்குவது 50 மில்லிவாட். கருவி மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஊர் மாறியதும் கிடைக்கும் இடம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ரத்த ஓட்டம் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும், காற்று வீசினால் இன்னும் கொஞ்சம் போகும், ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

இன்னொன்றையும் சேருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தைத் தோல் வழியாகத் தள்ளுகிறது. நம் தோலின் பரப்பு ஒன்றே முக்கால் சதுர மீட்டர் பக்கம். வகுத்துப் பார்த்தால் பட்டை மறைத்திருக்கும் 10 சதுர சென்டிமீட்டர் தோலும் தன் பங்குக்கு ஏறத்தாழ 57 மில்லிவாட்டை வெளியே விட நினைக்கிறது. கருவிக்கு நாம் ஒதுக்கிய மொத்த அளவே அவ்வளவுதான்!

வெயிலைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொடுக்கிறது. நடவு நடும் பெண்ணின் புறங்கழுத்தில் ஒட்டிய பட்டையின் மேல் அது நேராக விழுந்தால் 10 சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட், அதாவது கருவிக்குக் கிடைத்த 50 மில்லிவாட்டைப் போல 20 மடங்கு. பட்டை கறுப்பாக இருந்தால் அத்தனையும் உள்ளே போகும். இந்த ஒரு எண் தெரிந்த பிறகு எனக்கு இந்தத் துறையைப் பற்றிய எண்ணமே மாறிவிட்டது. சுற்றில் மில்லிவாட் மிச்சம் பிடிப்பதில் மூளையைக் கசக்குகிறோம், மேற்பரப்பின் நிறத்தைக் கவனிக்காமல் விட்டால் அத்தனையும் வீண். வயலில் வேலை செய்பவர்களின் உடல்சூட்டைக் கண்காணிக்க ஒரு கருவி வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன், கோடையில் வெயில் தாக்கி விழுகிறவர்கள் வயலிலும் சாலை வேலையிலும் இருப்பவர்கள்தான். ஆனால் அது குளிர் அறையில் சோதித்த கறுப்புப் பட்டையாக இருக்கக் கூடாது.

அப்புறம், என்னதான் வழி? ஒரு பையன் கேட்டான், "சார், குட்டியா ஒரு ஃபேன் வச்சா என்ன?" நல்ல கேள்விதான், ஆனால் அரை மில்லிமீட்டர் கனப் பட்டையில் விசிறி எங்கே உட்காரும்?

டெல்டாக்காரனுக்கு ஒரு விஷயம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் தண்ணீர் வருவதைப் பற்றி ஊரே பேசும். வடிகாலைப் பற்றி ஐப்பசி, கார்த்திகையில் சம்பா மூழ்கும்போதுதான் பேசுவோம். மின்னணுவிலும் அப்படியே. மின்சாரம் உள்ளே வரும் வழியைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள், வெப்பம் வெளியே போகும் வழி கடைசியில் ஞாபகம் வரும். வடிகாலை முதலிலேயே வரைய வேண்டும்.

முதல் வேலை, சூட்டையே குறைப்பது. தகவலை விநாடிக்கு விநாடி அனுப்பாமல் சேர்த்துவைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வேறு எதையும்விட மலிவான வழி இது.

அடுத்தது பரப்புவது. ஈர நெல் சூடாகிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? குவியலைக் கலைத்துக் களத்திலோ ரோட்டோரத்திலோ விரித்துக் காலால் கிளறிவிடுகிறோம். மொத்த வெப்பம் அதேதான், வெளியேறும் பரப்பு பெரிதாகிவிட்டது. கருவியிலும் சில்லு இருக்கும் ஒரு புள்ளியில் 50 டிகிரியும் மற்ற இடமெல்லாம் 35ம் இருந்தால், சராசரி சரியாக இருந்தாலும் அந்தப் புள்ளியில் தோல் வெந்துபோகும். செல்போனுக்குள் இதற்குக் கிராஃபைட் தாள் ஒட்டியிருப்பார்கள். அது பக்கவாட்டில் செம்பைவிட நன்றாகவே கடத்தும், ஆனால் நீளாது. நீளாத தாளை நீள வைப்பதற்கு நம் ஊர்த் திருவிழாப் பந்தலில் விடை இருக்கிறது: வண்ணக் காகிதத்தை மடித்து, இந்தப் பக்கம் ஒரு வெட்டு அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று கத்தரித்து இழுத்தால் வலை போல நீளும் தோரணம் வருமே, அதே வெட்டுமுறைதான். காகிதம் நீளவில்லை, வெட்டுகள் வாய் திறக்கின்றன. உலோகத் தகட்டையும் கிராஃபைட் தாளையும் இப்படி வெட்டி நீள வைக்கிறார்கள்.

மூன்றாவது வழி ரப்பரையே மாற்றுவது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரப்பரில் நன்றாகக் கடத்தும் தூளைக் கலந்தால் என்ன? அலுமினா, போரான் நைட்ரைடு, வெள்ளித் தூள் எல்லாம் கலக்கலாம், கடத்துதிறன் ஏறும். ஆனால் தூள்கள் ஒன்றையொன்று தொட்டு வழி ஏற்படும் அளவுக்கு நிறையப் போட வேண்டும், அவ்வளவு போட்டால் ரப்பர் விறைத்துவிடும். வெங்காயத்தை அள்ளிப் போட்ட ஊத்தப்பத்தைத் திருப்பும்போது விண்டுபோவது மாதிரி, இழுத்தால் கிழியும். கல்லைப் போட்டால் மாவு கெட்டியாகத்தானே செய்யும்?

கல்லுக்குப் பதில் திரவத்தைப் போட்டால்? கேலியம் என்ற உலோகம் 30 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், உள்ளங்கையில் வைத்தால் போதும். அதோடு நாலில் ஒரு பங்கு இண்டியம் சேர்த்தால் உருகுநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும், நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அது திரவம்தான். பாதரசம் மாதிரி ஓடும், பாதரசத்தின் நச்சு ஆவி கிடையாது. கடத்துதிறன் 26 பக்கம், செம்பளவு இல்லை, ரப்பரைப் போல 100 மடங்குக்கும் மேல். இதை நுண்ணிய துளிகளாகச் சிலிகோனில் பாதிக்குப் பாதி கலந்து 2017இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்மெல் மஜிதி குழு ஒரு ரப்பர் செய்தது. ரப்பரின் 0.2 ஆக இருந்த எண் 4.7க்குப் போனது. அதை இழுத்துப் பிடித்தார்கள். துளிகளும் கூடவே நீண்டு ஊசி ஊசியாக இழுத்த திசையில் படுத்துக்கொண்டன, வெப்பம் நடுவில் தாண்ட வேண்டிய ரப்பர் குறைந்தது, இழுத்த திசையில் அந்த எண் 9.8ஐத் தொட்டது. நீட்டினால் கெடும் என்று பயந்துகொண்டிருந்த இடத்தில், நீட்டினால் நன்றாகக் கடத்தும் ரப்பர்!

குறை இல்லாமல் இல்லை. கேலியம் விலை அதிகம், கனமும் அதிகம், ரப்பரைப் போல ஆறு மடங்கு எடை. அலுமினியத்தில் பட்டால் அதன் படிக இடுக்குகளில் புகுந்து அதை அப்பளமாக நொறுக்கிவிடும். ஓரிடத்தில் பலமாக அழுத்தினால் துளிகள் உடைந்து ஒன்றுசேர்ந்து, வெப்பம் மட்டும் போக வேண்டிய இடத்தில் மின்சாரமும் போகத் தொடங்கலாம்.

இணைப்பு இடங்களை மறக்கக் கூடாது. எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் சில்லுக்கும் அதற்கும் நடுவே ஒரு மயிரிழைக் காற்று புகுந்தால் அங்கே 0.026 என்ற அணை எழும்பிவிடும். டிவி ரிப்பேர் கடையில் சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெள்ளைப் பசை தடவுவது இந்தக் காற்றை விரட்டத்தான். இழுபடும் கருவியில் இன்னும் சிரமம், ஏனென்றால் சூடேறும்போது சிலிகோன் ரப்பர் சிலிக்கனைப் போல சுமார் 100 மடங்கு விரிகிறது. ஒன்று விரியும், மற்றது விரியாது, ஒட்டிய இடம் விடும், காற்று புகும், சூடு கூடும், மேலும் விடும். நான் பார்த்த அளவில் மாணவர்கள் செய்த மாதிரிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகின்றன.

மெழுகு கலப்பதும் ஒரு வழி. உருகும்போது ஒரு கிராம் பாரஃபின் மெழுகு சுமார் 200 ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, உருகி முடியும் வரை சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும். 100 மில்லிவாட் கருவிக்கு அது அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் தாங்கும். ஆனால் இது கைமாற்று வாங்கிய கடன். கருவி ஓய்ந்து மெழுகு மறுபடி உறைந்தால்தான் அடுத்த முறை உதவும். சார்ஜ் ஏறும் அரை மணி நேரத்துக்கு நல்லது, நாள் முழுக்க ஓடும் கருவிக்குப் பயனில்லை.

கடைசியாக வியர்வை. போன கோடையில் எங்கள் அம்மாவுக்கு நெஞ்சில் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் பட்டை ஒன்றை ஒரு நாள் முழுக்க ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கரண்ட் வேறு இல்லை. மத்தியானத்துக்குள் அம்மா, "என்னடா இது, நெஞ்சுல கோணிச் சாக்கை நனைச்சு ஒட்டுன மாதிரி இருக்கு" என்றார்கள். மறுநாள் கழற்றியபோது பட்டை இருந்த இடம் அச்செடுத்தது போலச் சிவந்து, வெளுத்து ஊறிப்போய், ஓரமெல்லாம் வேர்க்குரு. கருவி சூடாகவே இல்லை, நான் தொட்டுப் பார்த்தேன். தோலின் வடிகாலை அடைத்துவிட்டது, அதுதான் நடந்தது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் கிட்டத்தட்ட 2400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும், மெழுகைப் போல 12 மடங்கு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான், பானை கசிகிறது, பிளாஸ்டிக் குடம் கசியாது. காற்றே 38 டிகிரியில் இருக்கும்போது உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே பெரிய வழி வியர்வை. அதை ரப்பர் போட்டு மூடினால் வேறு எந்த உத்தியும் ஈடுகட்டாது.

அதனால்தான் இப்போது நுண்துளை உள்ள ரப்பரும், நூலிழை வலை போன்ற மின்சுற்றும் செய்யப் பார்க்கிறார்கள். டோக்கியோவில் டகாவோ சொமேயா குழு 2017இல் தோலில் ஒட்டும் தங்க இழை வலையைச் செய்து காட்டியது, காற்றும் ஈரமும் அதன் வழியே தாராளமாகப் போகும். நுண்துளை ரப்பருக்கு இன்னொரு நன்மை, துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால் அது வெள்ளைவெளேர் என்று இருக்கும், வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். துளையில் காற்று இருப்பதால் கடத்துதிறன் குறையும் என்பது உண்மைதான். நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை லேசில் ஆவியாகாது என்பதும் உண்மை. இருந்தாலும் நம் ஊருக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், நன்றாகக் கடத்தும் மூடிய பட்டையைவிட, சுமாராகக் கடத்தி மூச்சு விடும் வெள்ளைப் பட்டையைத்தான் நான் எடுப்பேன்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்டு எடுத்து, கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, சட்டென்று நன்றாக இழுத்து உடனே மேல் உதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே அரை நிமிடம் பிடித்திருந்து, தளரவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள், சில்லென்று இருக்கும். சுருண்டு கிடந்த சங்கிலிகள் இழுத்ததும் வரிசைக்கு வந்து வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன, விட்டதும் மறுபடி கலைந்து உள்ளே வாங்கிக்கொள்கின்றன. வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் ரப்பரை வைத்துக்கொண்டு கண்ணை அகல விரிப்பார்கள். அதற்குப் பிறகு யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சார், அப்ப இதையே வச்சு ஃபிரிட்ஜ் பண்ண முடியாதா?" முடியும், அதற்கான முயற்சிகள் நடக்கின்றன, ஆனால் அது தனியாக எழுத வேண்டிய பாடம்.